கப்பலில் எந்த அறை எடுப்பது, தனி டெக் யாருக்கு: அடிக்கடி வரும் கேள்விகள்

பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் கப்பல் பயணம் போகிறவர்களுக்கு முன்பதிவு செய்து கொடுப்பது என் தொழில். பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், அதே சந்தேகங்கள் வாட்ஸ்அப்பில் வரிசை கட்டி வந்துவிடும். கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன். தனி டெக் என்பது, கப்பலில் அதிகக் காசு கொடுத்தவர்களுக்கு மட்டும் பிரித்து வைத்திருக்கும் பகுதி. விலைகளைப் பெரும்பாலும் எழுதவில்லை. அவை வாரத்துக்கு வாரம் மாறுகிறவை.

அண்ணே, கப்பல்ல மொத்தம் எத்தனை வகை ரூம்? புரோஷர்ல பாத்தா தலை சுத்துது.

நான்கே வகைதான். ஜன்னல் இல்லாத உள் அறை, திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் உள்ள அறை, பால்கனி அறை, சூட் எனப்படும் விலை கூடிய உயர்தர அறை. புரோஷரில் இருக்கும் மற்றப் பெயர்கள் எல்லாம் இந்த நான்கின் பிள்ளைகள். ஒரே அளவு, ஒரே கட்டில், ஆனால் இரண்டு தளம் மேலே இருக்கிறது என்பதற்காக வேறு குறியீடு, வேறு விலை.

அளவு என்று பார்த்தால் உள் அறை 150 முதல் 180 சதுர அடி வரை இருக்கும். பால்கனி அறையின் உட்பகுதியும் அதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. வெளியே இரண்டு நாற்காலியும் ஒரு சின்ன மேசையும் போடும் இடம் கூடும், அவ்வளவுதான். சூட் என்றால் எதுவும் இருக்கலாம். அந்தக் கதை கீழே வருகிறது.

விளம்பரத்துல ரேட் ரொம்ப மலிவா இருக்கே. ரூமுக்கா, ஆளுக்கா?

ஆளுக்கு. அதுவும் ஓர் அறையில் இரண்டு பேர் தங்குவார்கள் என்று வைத்துப் போட்ட விலை. ஒரு பேச்சுக்கு 1,200 வெள்ளி (ரிங்கிட்) என்று இருந்தால் கணவன் மனைவிக்கு 2,400. அதற்கு மேல் துறைமுகக் கட்டணம், நாள் கணக்கில் ஊழியர்களுக்கான டிப்ஸ். தனியாகப் போகிறவர் பல கப்பல்களில் அந்த 2,400ஐயும் தானே கட்ட வேண்டியிருக்கும். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாகச் சேருகிறவருக்குக் குறைவு. ஆனால் அவர் படுப்பது சோபாவிலோ, சுவரிலிருந்து இறக்கும் மேல் கட்டிலிலோதான்.

உள் ரூம் எடுத்தா மூச்சு முட்டாதா?

முட்டாது. காற்று வசதி எல்லா அறைக்கும் ஒன்றுதான். பிரச்சினை இருட்டு. விளக்கை அணைத்தால் உள்ளங்கை தெரியாது. காலை ஏழா, பதினொன்றா என்று உடம்புக்குத் தெரியாது. பல கப்பல்களில் தொலைக்காட்சியில் ஒரு சேனல் கப்பலின் முன்பக்கக் கேமராவைக் காட்டிக்கொண்டே இருக்கும். இரவில் சத்தத்தைக் குறைத்து அதை ஓட விட்டுவிட்டால் விடியும்போது அறையிலும் விடியும். ராயல் கரீபியன் கம்பெனி சில கப்பல்களில் உள் அறைச் சுவரிலேயே பெரிய திரை வைத்து வெளிக்கடலை நேரடியாகக் காட்டுகிறது.

அறைக்குத் தூங்கவும் குளிக்கவும் மட்டும் வருகிறவர்களுக்கு நான் உள் அறையைத்தான் சொல்வேன். மூடிய இடத்தில் பதற்றம் வருகிறவர்களுக்குச் சொல்ல மாட்டேன்.

பால்கனி காசுக்குக் கேடுன்னு மச்சான் சொல்றாரு. உண்மையா?

மச்சான் எந்தப் பாதையில் போனார் என்று கேளுங்கள். சிங்கப்பூர், போர்ட் கிள்ளான், பினாங்கு, புக்கெட் என்று போகும் குறுகிய பயணங்களில் கப்பல் பெரும்பாலும் இரவில்தான் ஓடும், பகலில் துறைமுகத்தில் நிற்கும். பால்கனியில் உட்கார்ந்து பார்க்க விடியற்காலையும் மாலையும்தான் மிச்சம். அந்த இரண்டு வேளையும் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் பணம் வீண் இல்லை. மலாக்கா நீரிணையில் இரவு பத்து மணிக்கு வெளியே வந்து பாருங்கள். எதிர்த்திசையில் எண்ணெய்க் கப்பல்களும் கொள்கலன் கப்பல்களும் விளக்கு வரிசையாக வந்துகொண்டே இருக்கும். உலகத்தின் மிக நெரிசலான கடல் வழிகளில் ஒன்று அது.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பகல் பன்னிரண்டு மணிக்குப் பால்கனியில் யாரும் உட்கார முடியாது. கதவைத் திறந்து வைத்தால் பல கப்பல்களில் அறையின் ஏர்கோன் தானாக நின்றுவிடும். நார்வே, அலாஸ்கா மாதிரி மலையும் பனியும் கப்பலின் பக்கத்திலேயே வரும் பாதை என்றால் பேச்சே வேறு. அங்கே பால்கனிக்குக் கடன் வாங்கினாலும் தப்பில்லை.

எந்தப் பக்கம் ரூம் எடுத்தா பினாங்கு தெரியும்?

சிங்கப்பூரிலிருந்து வடமேற்காக வரும்போது நம் மலேசியக் கரை வலப்பக்கம். இடப்பக்கம் திறந்த கடல், எதிரே வரும் கப்பல்கள், மாலையானால் சூரிய அஸ்தமனம். சுமத்ரா தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது எட்டத்தில் இருக்கிறது. திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ்.

பினாங்கின் கப்பல்துறையான ஸ்வெட்டன்ஹாம் பியரில் கட்டியபிறகு ஒரு பக்கத்துக்கு கார்ன்வாலிஸ் கோட்டையும் விக்டோரியா மணிக்கூண்டும் தெரியும். மறுபக்கத்துக்கு பட்டர்வொர்த் கிரேன்களும் ஃபெரியும். கப்பல் எந்தப் பக்கமாகக் கட்டும் என்பதை அன்றைய நீரோட்டத்தையும் இடத்தையும் பார்த்து முடிவு செய்வார்கள், அதனால் என்னால் உறுதி சொல்ல முடியாது. மணிக்கூண்டைப் பார்ப்பதற்காக அறையைத் தேர்வு செய்யாதீர்கள். இறங்கி நடந்தாலே சில நிமிடம்தான்.

அம்மாவுக்கு பஸ்ல போனாலே வாந்தி. மேல் மாடி எடுக்கலாமா, கீழயா?

கீழே, நடுவில். கப்பல் முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது இரு முனைகளிலும் ஆட்டம் அதிகம். பக்கவாட்டில் சாயும்போது மேல் தளங்களில் அதிகம். இரண்டும் குறைவாக உள்ள இடம் நடுப்பகுதியின் கீழ்த்தளம். அது விலை குறைந்த இடமாகவும் இருப்பது அம்மாக்களின் அதிர்ஷ்டம்.

பாதையும் முக்கியம். மலாக்கா நீரிணை இரு பக்கமும் நிலம் காக்கும் கடல். விடியற்காலையில் வரும் சுமத்ரா புயல்மழை கூடப் பெரிய கப்பலை அவ்வளவாக ஆட்டாது. நவம்பரிலிருந்து மார்ச் வரை தென்சீனக் கடல் பக்கம், அதாவது வியட்நாம், பேங்காக் பாதையில், வடகிழக்குப் பருவக்காற்று தன் வேலையைக் காட்டும். அம்மாவுடன் அந்த மாதங்களில் போவதென்றால் பினாங்குப் பாதையே நல்லது.

அப்பா வீல்சேர்ல வருவாரு. சாதா ரூமே போதுமா?

போதாது. சாதாரண அறையின் கதவு குறுகல், குளியலறை வாசலில் ஒரு படி மாதிரி உயரம் இருக்கும், உள்ளே நாற்காலியைத் திருப்ப இடம் இருக்காது. வீல்சேருக்கென்றே அகலக் கதவும் சமதளக் குளியலறையும் உள்ள அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் கொஞ்சம் உண்டு. மொத்தமே சில டஜன்தான், முதலில் தீர்வதும் அவைதான். அப்பாவின் அறையைப் போட்டுவிட்டு மற்றவர்களின் அறையைத் தேடுங்கள்.

இன்னொன்று. துறைமுகத்தில் கட்டாமல் கடலில் நங்கூரமிட்டுச் சின்னப் படகில் ஆட்களை இறக்கும் இடங்களில் வீல்சேருடன் இறங்குவது கடினம், சில நேரம் விடவே மாட்டார்கள். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பல நேரம் அப்படித்தான் நிற்கும். பினாங்கில் நேராகக் கரையில் கட்டுவதால் அந்தத் தொல்லை இல்லை.

ராத்திரி நிம்மதியா தூங்கணும். எந்த ரூம் வேணாம்?

டெக் பிளானை, அதாவது கப்பல் தளங்களின் வரைபடத்தை, எடுத்து உங்கள் அறையின் எண்ணைப் பார்த்த பிறகு, அதற்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன என்று பாருங்கள். மேலே நீச்சல்குளத் தளம் என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் உங்கள் தலைக்கு மேல்தான். கீழே நாடக அரங்கோ டிஸ்கோவோ என்றால் நள்ளிரவு வரை பாட்டின் பேஸ் ஒலி அதிரும். பிளானில் எதுவும் எழுதாமல் வெறுமையாக விட்ட இடம் பெரும்பாலும் சமையற்கட்டு அல்லது ஊழியர் பகுதி; அங்கே இருபத்து நாலு மணி நேரமும் தள்ளுவண்டி ஓடும். மேலேயும் அறை, கீழேயும் அறை என்று இருந்தால் நிம்மதி.

இரண்டு அறைகளுக்கு நடுவில் கதவு உள்ள அறைகளைப் பிள்ளைகளோடு போகிறவர்கள் கேட்டு வாங்குங்கள், மற்றவர்கள் தவிர்த்துவிடுங்கள். பக்கத்து அறைக்காரர் தொலைபேசியில் யாரைத் திட்டுகிறார் என்பது வரை கேட்கும்.

கியாரண்டி ரூம்னு ஒண்ணு குறைச்சலா வருது. என்ன கியாரண்டி?

வகைக்கு மட்டும் கியாரண்டி. பால்கனி என்று வாங்கினால் பால்கனி கிடைக்கும். எந்தத் தளம், எந்த மூலை என்பதைக் கப்பல் கம்பெனி முடிவு செய்யும். டிஸ்கோவுக்கு மேலேயும் விழலாம், உயிர்காப்புப் படகு மறைக்கும் ஜன்னலும் விழலாம், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு படி மேலேயும் விழலாம். எங்கே போட்டாலும் தூங்குவேன் என்கிற இளசுகளுக்குச் சரி. மேலே சொன்ன அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வேண்டவே வேண்டாம்.

"கப்பலுக்குள்ள கப்பல்"னு சொல்றாங்களே, அது என்ன?

பெரிய கப்பலில் மூவாயிரம், நாலாயிரம் பேர் இருப்பார்கள். அதில் ஒரு மூலையைக் கதவு போட்டுப் பிரித்து, அதிகக் காசு கொடுத்தவர்களுக்கு மட்டும் தனி நீச்சல்குளம், தனி வெயில்தளம், தனி சாப்பாட்டு இடம், தனி ஓய்வறை என்று கொடுப்பதுதான் இது. உங்கள் அறைச் சாவி அட்டையைக் கதவில் காட்டினால் திறக்கும், மற்றவர் அட்டைக்குத் திறக்காது.

எம்எஸ்சி கம்பெனியில் இதன் பெயர் யாட் கிளப். 2008இல் எம்எஸ்சி ஃபன்டாசியா கப்பலில் ஆரம்பித்தது. நார்வீஜியனில் ஹேவன், செலிபிரிட்டியில் ரிட்ரீட். குனார்டு கம்பெனிக்கு வகுப்புப் பிரிப்பது பழைய வழக்கம். பினாங்குக்கு வந்துபோயிருக்கும் குயின் மேரி 2இல் கிரில்ஸ் சூட்காரர்களுக்குச் சாப்பாட்டு அறையே தனி. ராயல் கரீபியன் 2019இல் விட்ட ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ் கப்பலில் சூட்காரர்களுக்கென்று தனிப் பகுதி, தனி லிஃப்ட் வரை போய்விட்டார்கள்.

நம் பக்கத்தில் அதிகம் பேர் கேட்பது ஜென்டிங் ட்ரீமில் உள்ள பேலஸ். 2016இல் ஜெர்மனியின் மேயர் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய கப்பல் அது, ஒன்றரை லட்சம் டன். முதலில் ட்ரீம் குரூசஸ் பெயரில் ஓடியது. 2022 ஜூனிலிருந்து ரிசார்ட்ஸ் வேர்ல்டு குரூசஸ் பெயரில் சிங்கப்பூரிலிருந்து ஓடத் தொடங்கியது. கம்பெனிப் பெயர் மாறினாலும் பேலஸ் அப்படியே இருந்தது, அதனால் பழைய வீடியோக்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

டெக்குன்னா அந்தக் காலத்துல காசில்லாதவங்க போறதுன்னு தாத்தா சொல்வாரு. இப்ப அதுக்கா இவ்வளவு காசு?

தாத்தா சொன்னது சரிதான். 1926இலிருந்து 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் கிள்ளான், சிங்கப்பூர் என்று ஆயிரக்கணக்கானவர்கள் டெக்கில் பாய் விரித்துத்தான் வந்தார்கள். அறை எடுத்தவர்கள் கொஞ்சம் பேர். பிறகு வந்த சிதம்பரம் கப்பலையும் பலர் நினைவில் வைத்திருப்பார்கள்; 1985இல் தீ விபத்தோடு அதன் பயணிகள் ஓட்டம் முடிந்தது. அவர்கள் இறங்கிய அதே ஸ்வெட்டன்ஹாம் பியரில்தான் இன்று பேரப் பிள்ளைகள் சூட் அறைக்குப் பெட்டியை அனுப்பிவிட்டுக் கைவீசிக்கொண்டு நடக்கிறார்கள். தாத்தாவை ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள், அறையைப் பற்றி அவர் சொல்வது புரோஷரைவிட நன்றாக இருக்கும்.

சூட் புக் பண்ணிட்டேன். தனி டெக்குக்கு போலாம்தானே?

இந்தப் பக்கத்தையே எழுத வைத்த கேள்வி இது. பதில்: சூட் என்ற சொல்லுக்குக் கதவு திறக்காது. எந்த சூட் என்பதற்குத்தான் திறக்கும்.

நார்வீஜியனில் ஹேவனுக்கு வெளியேயும் சூட்கள் உண்டு. அவற்றில் இருப்பவர்களுக்கு ஹேவன் குளம் கிடையாது. எம்எஸ்சியில் ஆரியா என்று சூட் வகை உண்டு, அறை பெரிதுதான், யாட் கிளப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ராயல் கரீபியனில் ஜூனியர் சூட் எடுப்பவர்களுக்கு மேல்நிலை சூட்காரர்களின் சலுகை எல்லாம் வராது. விற்கிறவர்கள் இதை மறைக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் கேட்டால் ஒழியச் சொல்வதில்லை. ஒரு குடும்பம் திருமண நாளுக்கென்று சூட் போட்டு, குளிக்கிற துணியோடு போய்க் கண்ணாடிக் கதவு முன்னால் நின்று, அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிக் காட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்த கதை எனக்குத் தெரியும்.

பணம் கட்டும் முன் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தத் தனிப் பகுதியின் பெயர் என்ன, என் அறைக் குறியீட்டுக்கு அதில் நுழைய அனுமதி உண்டா, அறையில் உள்ள எல்லாருக்கும் உண்டா. வாய்வார்த்தை வேண்டாம், வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தால் போதும்.

ஒரு ரூம் மட்டும் பேலஸ்ல போடுறோம், மத்த ரெண்டு ரூம் சாதா. எல்லாரும் உள்ள போலாமா?

போக முடியாது. அனுமதி அறைக்கு, குடும்பத்துக்கு இல்லை. பிறந்தநாள் என்று சொன்னால் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு விருந்தாளியை விடுவதைப் பற்றி அங்கே உள்ள ஊழியரிடம் கேட்டுப் பார்க்கலாம், அது அவர் மனசு. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இதில் பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பெரிய அண்ணன் குடும்பம் உள்ளே, தம்பிகள் வெளியே என்றால் மூன்று நாளும் சாப்பாடு தனித்தனி. பிறகு தீபாவளி வரைக்கும் பேசிக்கொண்டிருப்பார்கள். கூட்டமாகப் போகிறவர்கள் எல்லாரும் ஒரே வகை எடுப்பதுதான் என் யோசனை, அது உள் அறையாக இருந்தாலும் சரி.

மூணு ராத்திரிதான் பயணம். பேலஸ் மாதிரி ஒண்ணுக்கு அவ்வளவு காசு கொடுக்கலாமா?

கணக்குப் போடுவோம். முதல் நாள் மதியம் ஏறுவீர்கள், பாதுகாப்புப் பயிற்சி முடியவே மாலை ஆகிவிடும். கடைசி நாள் காலையில் இறங்கச் சொல்லிவிடுவார்கள். நடுவில் முழுப் பகல் இரண்டு. அந்த இரண்டிலும் பினாங்கிலும் புக்கெட்டிலும் ஊர் சுற்றப் போய்விட்டால் தனிக் குளத்தில் கால் நனைக்க நேரம் ஏது? சூட் விலை பல நேரம் பால்கனியைப் போல் இரண்டு மூன்று மடங்கு. எத்தனை மணி நேரம் அந்தக் கதவுக்குள் இருப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள், விடை தானாக வரும்.

கடல் நாட்கள் அதிகமாக உள்ள ஏழு, பத்து இரவுப் பயணம், கப்பலும் பெரியது, பள்ளி விடுமுறை வேறு என்றால் நான் தயங்காமல் எடுக்கச் சொல்வேன். அன்றைக்குப் பொதுக் குளத்தில் தண்ணீரைவிடத் தலைகள் அதிகம். வயதான பெற்றோர் கூட வந்தாலும் குறுகிய பயணத்துக்கே இது பயன்படும். வரிசையில் நிற்காமல் ஏறுவதும் இறங்குவதும் அவர்களுக்குப் பெரிய விஷயம்.

ஒரு எச்சரிக்கை. யாட் கிளப் போன்ற தனிப் பகுதிகள் பெரும்பாலும் மேல்தளத்தில் முன்பக்கம்தான் இருக்கும். வாந்தி வரும் அம்மாவைப் பற்றி மேலே எழுதியதை மறுபடி படித்துக்கொள்ளுங்கள்.

சூட் எடுக்காமலே அமைதியா உக்கார இடம் கிடைக்காதா?

கிடைக்கும், தேட வேண்டும். ராயல் கரீபியனின் பல கப்பல்களில் சோலாரியம் என்ற கூரையிட்ட குளப்பகுதி 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும், கட்டணம் இல்லை. கார்னிவலில் செரனிட்டி, 21 வயதுக்கு மேல், அதுவும் இலவசம். பிரின்சஸ் கப்பல்களில் சேங்க்சுவரி என்ற நிழல்தளத்துக்கு அரைநாள், முழுநாள் என்று கட்டணம் வாங்குவார்கள்; ஏறிய அன்றே இடம் போட்டுவிட வேண்டும். நார்வீஜியனில் வைப் என்ற தளத்துக்குக் குறைந்த எண்ணிக்கையில் பாஸ் விற்கிறார்கள்.

காசே வேண்டாம் என்றால் கப்பலைச் சுற்றி நடக்க விட்டிருக்கும் கீழ்த்தள நடைபாதைக்குப் போங்கள். லிஃப்டில் எல்லாரும் மேல் பொத்தானை அழுத்துவார்கள். அங்கே வருவது நாலு பேர். இன்னொரு வழி, துறைமுக நாளில் எல்லாரும் இறங்கியபிறகு கப்பலிலேயே இருப்பது. பினாங்கு ஆட்களுக்கு இது ரொம்பச் சுலபம், பினாங்கை நாம் பார்த்தாகிவிட்டது. பாஸ்போர்ட்டோடு இறங்கி வீட்டில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பி ஏறியவர்களும் உண்டு.

சூட் எடுத்தா பட்லர்னு ஒருத்தர் வருவாராமே. என்ன வேலை சொல்றது?

பெட்டியைப் பிரித்து அடுக்குவது, காலைச் சாப்பாட்டை அறைக்குக் கொண்டுவருவது, உணவகத்திலும் காட்சியிலும் இடம் போடுவது, சட்டை இஸ்திரிக்கு எடுத்துப் போவது. நம் ஆட்களுக்கு இன்னொருவரை வேலை ஏவக் கூச்சம். கேட்காமலே மூன்று நாளை ஓட்டிவிடுவார்கள். முதல் நாளே அவரிடம் தினமும் எத்தனை மணிக்கு டீ, யாருக்குச் சர்க்கரை இல்லாமல் என்று சொல்லிவிட்டால் அப்புறம் எல்லாம் தானாக நடக்கும். டிப்ஸ் பெரும்பாலும் நாள் கணக்கில் பில்லிலேயே வரும், சூட்டுக்குச் சற்றுக் கூடுதலாக. அதற்கு மேல் கொடுப்பது உங்கள் விருப்பம்.

நாங்க சுத்த சைவம், கூட வர்ற சிநேகிதர் குடும்பம் ஹலால். தனி ரெஸ்டாரண்ட்ல எல்லாருக்கும் சாப்பாடு இருக்குமா?

ஆசியப் பாதையில் ஓடும் கப்பல்கள் இதில் தேறியவை. ஜென்டிங் ட்ரீமில் ஹலால் உணவும், ஜைன முறை உட்பட இந்தியச் சைவ உணவும் உண்டு. ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பலில் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், பயணத்துக்குச் சில வாரம் முன்னால்.

தனி உணவகம் என்றால் மெனு சின்னது, தட்டு பெரியது. நடுவில் கொஞ்சம் காளான், ஓரத்தில் ஒரு சாஸ் கோடு. சோறு, பருப்பு, கறி என்று வயிறாரச் சாப்பிட வேண்டும் என்கிறவர்கள் உள்ளே இடம் இருந்தும் பொது பஃபேக்கு எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். தனி டெக்குக்குக் கொடுக்கும் காசில் சாப்பாட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ரூம்ல காலையில விளக்கும் ஊதுபத்தியும் ஏத்தலாமா? பால்கனியில ஏத்தினா?

இரண்டு இடத்திலும் கூடாது. கப்பலில் தீயைவிடப் பயப்படும் விஷயம் வேறு இல்லை. ஏறும்போதே பெட்டியைச் சோதித்து மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். சூட்டுக்கும் அதே சட்டம். பேட்டரி விளக்கு ஒன்றை எடுத்துப் போங்கள், திருநீறு பூசிக் கும்பிட யாரும் தடை சொல்லமாட்டார்கள்.

பால்கனிக் கம்பியில் சேலை, துண்டு காயப் போடுவதும் கூடாது, காற்று கொண்டுபோய்விடும். பாலிக் புலாவ் டுரியானைப் பற்றியும் கேட்கிறார்கள். அதை ஏறும் முன் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

நாங்க நாலு பேர். ஒரு சூட்டா, ரெண்டு பால்கனி ரூமா?

பிள்ளைகள் பத்து வயதுக்கு மேல் என்றால் இரண்டு பால்கனி அறைகள், நடுவில் கதவு உள்ளதாக. குளியலறை இரண்டு கிடைக்கிறதே, காலை நேரத்தில் அதன் அருமை தெரியும். நடுக் கதவின் சத்தக் குறை இங்கே பொருந்தாது, பக்கத்து அறையில் இருப்பது உங்கள் பிள்ளைகள்தான். சின்னப் பிள்ளைகள் என்றால் ஒரே அறை. பல கம்பெனிகளில் ஆறு மாதத்துக்குக் கீழான குழந்தைகளையும் 24 வாரத்தைத் தாண்டிய கர்ப்பிணிகளையும் ஏற்றமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏலம் மாதிரி ஒரு மெயில் வந்திருக்கு, கொஞ்சம் காசு போட்டா சூட் கிடைக்கலாமாம். போடலாமா?

போடலாம், நான்கு விஷயம் தெரிந்துகொண்டு. நீங்கள் எழுதும் தொகை பெரும்பாலும் ஆளுக்கு. அறைக்கு இரண்டு பேர் என்று பெருக்குங்கள். ஏற்றுக்கொண்டால் கார்டில் உடனே எடுத்துவிடுவார்கள், மனம் மாறித் திருப்பிக் கேட்க முடியாது. எந்த அறை என்று நீங்கள் தேர்வு செய்ய முடியாது, கியாரண்டி அறை மாதிரிதான். பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்த குடும்பம் இதனால் பிரிந்துபோகலாம்.

அதோடு, கிடைக்கும் சூட் தனிப் பகுதிக்கு உள்ளேயா வெளியேயா என்று பாருங்கள். வெளியே என்றால் பெரிய அறை மட்டும்தான் உங்களுக்கு லாபம்.

கே.எல்.ல இருந்து கொமுட்டர் ஏறி போர்ட் கிள்ளான் ஸ்டேஷன்ல இறங்கினா கப்பல் கிட்டதானே?

கிட்ட இல்லை. பயணிகள் கப்பல் முனையம் இருப்பது புலாவ் இண்டாவில். ரயில் நிற்கும் இடம் வேறு. கோலாலம்பூர் நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். சூட்காரர்களுக்குத் தனி வரிசை உண்டுதான், ஆனால் முனையம் வரைக்கும் நெடுஞ்சாலையில் எல்லாருக்கும் ஒரே வரிசை.

பணம் எல்லாம் கட்டின பிறகு கப்பலையே மாத்திட்டா? என் தனி டெக் என்ன ஆகும்?

டிக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் உள்ள ஒப்பந்தம் கப்பலையும் பாதையையும் அறையையும் மாற்றும் உரிமையைக் கம்பெனிக்குக் கொடுத்திருக்கும். மாற்றினால் அதே தர அறை தருகிறோம் என்பார்கள். ஆனால் புதிய கப்பலில் அப்படி ஒரு தனிப் பகுதியே இல்லை என்றால் உங்களுக்குக் கிடைப்பது பெரிய அறை மட்டும். அறிவிப்பு வந்த உடனே, புதிய அறைக்கு ஒப்புதல் சொல்லும் முன், விலை வித்தியாசத்தையோ முழுப் பணத்தையோ கேளுங்கள். ஒருமுறை சரி என்று அழுத்திவிட்டால் பிறகு பேச்சுவார்த்தைக்கு வழி குறைவு. பயணக் காப்புறுதி பெரும்பாலும் இதற்கு உதவாது; கப்பல் ஓடுகிறது, நீங்களும் போகிறீர்கள், நஷ்டம் எங்கே என்று கேட்பார்கள். அதனால் சிங்கப்பூருக்கு விமானமும் ஓட்டலும் போடும்போது ரத்து செய்யக்கூடியதாகப் பார்த்துப் போடுங்கள்.